ரோஸி அமுக்கிய பொத்தான்

மெஹர் பானு அடுத்தவர் பொருளைத் தொட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு துவாலை பறந்து வந்து விழுந்தால்கூட, மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருகிற ரகம். இப்படிப்பட்டவர்களிடம் ஒரே ஒரு தொல்லை உண்டு. தங்களை நல்லவர்கள் என்று நம்பி நம்பிப் பழகிப்போய், ஒரு நாள் தப்பு செய்யும்போது அது தப்பு மாதிரியே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. தாம்பரம் மார்க்கெட்டில் பை கடை வைத்திருந்த ஜாபர் பாயின் மூத்த மகள். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, கீழ்க்கட்டளையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆறு பேர், ஏழு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி. முதலாளியின் பெயர் ஜெபசீலன். அவர் 2006 மே மாதம் எங்கோ அலைந்து ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாடம்பாக்கம் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய நர்சிங் பள்ளி. வருஷத்துக்கு நாற்பது பெண்கள், கட்டணமே கிடையாது. அதுவரை தபாலில் நடந்த சேர்க்கையை அந்த வருஷம் இன்டர்நெட்டில் நடத்த ஆசைப்பட்டார்கள். மூன்று வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். மெஹர் பானு முடித்துக் கொடுத்தாள்.

அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

வலைத்தளத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தில் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், ‘நீ யார்?’ என்று மறுபடியும் கேட்கும். அதனால் உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவைப்பார்கள். அதற்குப் பெயர் செஷன். பெரிய ஜவுளிக்கடை வாசலில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்களே, அது மாதிரி. டோக்கனை நீட்டினால் பை வரும். நீட்டியது யார் என்று அங்கே ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த எண்ணை யாரும் ஊகிக்க முடியாதபடி நீளமாக, கன்னாபின்னாவென்று கொடுக்க வேண்டும் என்பது பாலபாடம். மெஹர் பானு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கொடுத்து, அதையும் முகவரிக் கட்டத்திலேயே பளிச்சென்று தெரியும்படி விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது 117 என்று அடிப்பதற்குப் பதிலாக விரல் தவறி 118 என்று அடித்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல், போட்டோவோடு வந்து நின்றது. மெஹர் பானுவின் காது மடல் சுட்டது.

ஜெபசீலன் சாரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் அவர் பள்ளிச் செயலாளரிடம், “எங்க மெஹர் எழுதினா அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது சார்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்திருந்தாள். இப்போது போய் ஓட்டையைக் காட்டுவதா? டைரியில் ‘திங்கள் - செஷன் சரிசெய்ய’ என்று எழுதி மூடி வைத்தாள். சேர்க்கை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் யாருக்குத் தெரியப் போகிறது?

யாருக்கும் தெரியவில்லைதான். அவளுக்குத் தெரிந்திருந்தது. வினை அதுதான்.

ஏனென்றால் அந்தப் பள்ளிக்கு அவளுடைய தங்கை சோயாவும் விண்ணப்பித்திருந்தாள். நாற்பது பேர் பட்டியலில் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. ஜாபர் பாய் கெட்டவர் இல்லை, ஆனால் பிடிவாதக்காரர். மாடம்பாக்கத்தில் இடம் கிடைத்தால் படிக்கட்டும், வீட்டிலிருந்து போய்வரலாம். கிடைக்காவிட்டால் ஆம்பூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுவேன் என்று தீர்த்துச் சொல்லியிருந்தார். சோயாவுக்குப் பதினெட்டு வயது. ஆம்பூர் மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு.

நாற்பது பேரில் ஒருத்தி ‘வேண்டாம்’ என்றால் போதும், சோயாவுக்கு இடம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிவரை முப்பத்தொன்பது பெண்கள் ‘வேண்டும்’ என்று பதில் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெயர் ரோஸி, தகப்பன் பெயர் ஏசுபாதம், ஊர் பீர்க்கன்கரணை.

ஆபீஸ் போனில் சோயா கூப்பிட்டாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

“அக்கா, அந்தப் பொண்ணு இன்னும் போடலியா?”

“இல்லடி.”

“அஞ்சு மணி வரைக்கும் போடலைன்னா எனக்குத்தானே?”

“உனக்குத்தான். நீ முதல்ல போய் சாப்பிடு.”

“அத்தா ஆம்பூருக்குப் போன் பண்ண நம்பர் எடுத்து வச்சிருக்காருக்கா” என்றாள் சோயா. அழுகிற குரல் இல்லை. அழுது முடித்த குரல்.

மெஹர் பானு போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். நிர்வாகப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. 231. ரோஸி உள்ளே வந்துவிட்டாள்.

பதில் சொல்ல இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் மேலே ‘இடம் வேண்டும்’, கீழே ‘இடம் வேண்டாம்’, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பதில், டோக்கனுக்குரிய பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது பக்கத்தில் விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் அடித்து ‘உறுதி செய்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பக்கம், முதலில் என்ன பதில் சொன்னீர்கள் என்று திரும்பக் காட்டாது. காட்டியிருக்க வேண்டும், அதுவும் அவசரத்தில் விட்டுப்போனதுதான். ஒரு தடவை உறுதி செய்துவிட்டால் மாற்ற முடியாது. அது பள்ளிச் செயலாளர் கறாராகக் கேட்டு வாங்கிய விதி.

ரோஸி முதல் பக்கத்தைத் தாண்டியிருந்தாள். பைக்குள் ‘வேண்டும்’ இருந்தது. பிரவுசிங் சென்டரின் ஆமை வேக லைனில், பழக்கமில்லாத விரலால் எண்ணைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருப்பாள்.

மெஹர் பானு முகவரிக் கட்டத்தில் 231 என்று அடித்தாள்.

‘வணக்கம், ரோஸி’ என்றது திரை. நீல ரிப்பன் வைத்து இரட்டைச் சடை மடித்துக் கட்டிய ஒரு பெண் போட்டோவில் பார்த்தாள். மெஹர் பானு அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை நின்றிருக்குமோ என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறாள். நின்றிருக்காது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. முதல் பக்கத்துக்குப் போனாள். ‘வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தாள். அந்தப் பக்கத்தை மூடினாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மூன்று நாற்பத்தேழுக்கு, தாம்பரத்தில் எங்கோ ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ரோஸி ‘உறுதி செய்’யை அமுக்கினாள்.

கடைசி நாள் வரைக்கும் இழுத்தடித்தவளுக்கு அப்படி என்ன ஆசை இருந்துவிடப் போகிறது என்று மெஹர் பானு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எங்காவது இடம் வாங்கி வைத்திருப்பாள் என்றும் சொல்லிக்கொண்டாள். மனசுக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் வார்த்தைக்கா பஞ்சம்? அன்று சாயங்காலம் வீட்டில் சோயா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஜாபர் பாய் ஆம்பூர் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டார். மெஹர் பானுவும் சிரித்தாள். சிரிப்பு நன்றாகவே வந்தது. அதை நினைத்தாலும் அவளுக்குக் கூசுகிறது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக வந்து உட்கார்ந்து செஷன் எண்களைச் சரிசெய்தாள். ஓட்டை அடைபட்டது. பதினோரு மணிக்கு ஏசுபாதமும் ரோஸியும் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

ஏசுபாதம் டைல்ஸ் ஒட்டுகிறவர். நகக்கண்ணில் சிமெண்ட் போகாமல் நின்றது. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நர்சிங் பள்ளியில் கேட்டதற்கு, ‘எங்களுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் கம்பெனியில போய்க் கேளுங்க’ என்று அனுப்பிவிட்டார்களாம். ரோஸியின் கையில் எட்டாக மடித்த ஒரு பிரிண்ட் அவுட். அதில், ‘உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது: இடம் வேண்டாம்.’

“சார், எம் பொண்ணு வேணும்னுதான் அமுக்கிச்சு சார்” என்றார் ஏசுபாதம். “நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். வியாழக்கெழம வரிக்கும் வேல செய்ற கட்டடத்துல லீவு வுட மாட்டேன்ட்டாங்கோ. நான் இல்லாத அமுக்காத, நாம ரெண்டு பேரும் போயி அமுக்கலாம்னு நாந்தான் சொல்லி வச்சேன். வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு, குளிச்சிட்டு, சர்ச்சுல போயி ஜெபம் பண்ணிட்டு வந்து அமுக்குனோம் சார்.”

கடைசி நாள் வரைக்கும் இழுத்தடித்ததன் காரணம் இவ்வளவுதான். மெஹர் பானு தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு இதைக் கேட்டாள்.

“மெஹர், அந்தப் பதிவை எடும்மா” என்றார் ஜெபசீலன்.

அவள் எடுத்தாள். பிரிண்டர் கறகறவென்று துப்பியது. தேதி, மணி மூன்று நாற்பத்தேழு, விண்ணப்ப எண், பிறந்த தேதி, எந்த இடத்திலிருந்து எந்தக் கம்ப்யூட்டரில் உறுதி செய்யப்பட்டது என்பது எல்லாம் அதில் இருந்தது. எல்லாம் உண்மை. உறுதி செய்த கை ரோஸியுடையதுதான். நடுவில் இன்னொரு கை நுழைந்து வெளியேறியதைப் பதிவு எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும்படி மெஹர் பானு அதற்குச் சொல்லித் தரவில்லை.

ஜெபசீலன் நல்ல மனிதர். காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். “உங்க பொண்ணு கைதாங்க அமுக்கியிருக்கு. அவசரத்துல கீழே உள்ளதை அமுக்கிட்டாளோ என்னவோ. ஏம்மா மெஹர், வேற எப்படியாவது ஆகியிருக்குமா?”

மூன்று பேர் முகமும் அவள் பக்கம் திரும்பியது.

“இல்ல சார்” என்றாள் மெஹர் பானு. “சிஸ்டம்ல அப்படி நடக்க வாய்ப்பில்ல.”

ஏசுபாதம் மகளைப் பார்த்தார். கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை.

“இன்னாத்த பாத்துகினு அமுக்குன? ஒரே ஒரு தபா அமுக்கணும். அதக்கூட உனுக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியல. நீயெல்லாம் இன்னாத்துக்கு ஊசி போடப் போற?”

“வேணும்னுதாம்பா...” என்று ஆரம்பித்தாள் ரோஸி. நிறுத்தினாள். தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “வேணும்னுதான் அமுக்குனேன்னு நெனச்சேன். சென்டர் அண்ணன் சீக்கிரம் சீக்கிரம்னாரு... தெரியலப்பா.”

மெஹர் பானு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான் போலும். ரோஸி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

“சாரிக்கா. உங்களையும் பேஜார் பண்ணிட்டோம்.”

அந்த ‘சாரிக்கா’ மெஹர் பானுவோடு ஒரு வருஷம் குடியிருந்தது. மேடவாக்கத்தில் பஸ் மாறும்போது கூட வந்தது. தொழுகைக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சோயா வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, “எப்படிக்கா இருக்கேன்?” என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பிக் கேட்டபோது, “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றாத நாளில்லை. சொன்னால் சோயாவின் இடம் போகும், தன் வேலை போகும், அத்தா கடையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. இந்த மூன்றையும் வரிசையாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். மூன்றும் நியாயமான பயம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்ட பிறகு அவளுக்குத் தன் மேல் வந்த அருவருப்பு இருக்கிறதே, அதைக் கழுவ எந்தக் கொல்லைத் தண்ணீராலும் முடியவில்லை.

மறு வருஷம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரோஸி மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாளாம்.

“என்னை ஞாபகம் கீதுங்களாக்கா?” என்றாள்.

மெஹர் பானு தலையை ஆட்டினாள்.

“மறுபடியும் நர்சிங்குக்குப் போடலாம்னு வந்தேன். அப்பா இந்த வருசம் சரின்னுட்டாரு. கீழதான் நிக்கிறாரு.” பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. “ஒரே ஒரு ஒதவிக்கா. நீங்களே அமுக்கிக் குடுத்துருங்க.”

“பிரவுசிங் சென்டர்லயே பண்ணலாமே, ரோஸி. இப்ப சுலபமா இருக்கு.”

“நான் அமுக்க மாட்டேங்கா.” கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். “என் கை சரியில்ல. கம்பெனில என்னைச் செக்கிங் சூப்பர்வைசரா போடறேன்னாங்கோ. அதுல கம்ப்யூட்டர்ல நம்பர் அடிக்கணுமாம். நான் மாட்டேன்னுட்டேன். இன்னாத்த அமுக்கி இன்னா ஆவுமோன்னு பயம். வூட்ல புதுசா மிக்ஸி வாங்குனாங்கோ, அதக்கூட அம்மாதான் போடுவாங்கோ. நீங்க படிச்சவங்க. உங்க கை தப்பு பண்ணாது.”

மெஹர் பானு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். பார்க்காமலே அடித்தாள். அடுத்த பக்கம் வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. ‘இந்த மாணவி சென்ற ஆண்டு தமக்குக் கிடைத்த இடத்தை மறுத்தவர். மீண்டும் விண்ணப்பிக்க இயலாது.’ அந்த வருஷம் பள்ளி புதிதாகச் சேர்த்த விதி. பிப்ரவரியில் அதை எழுதியதும் இதே கைதான். எழுதும்போது ஒரு கணம் ரோஸியின் ஞாபகம் வந்தது. அவள் இனிமேல் வரமாட்டாள் என்று நினைத்து எழுதி முடித்தாள்.

“இன்னாக்கா செவப்பா வருது?” என்றாள் ரோஸி. “நான் ஒண்ணியும் தொடலியே.”

ஒரு வழி இருந்தது. பழைய பதிவைத் திறந்து ‘மறுத்தவர்’ என்ற ஒரு குறியை அழித்துவிட்டால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். ரோஸி விண்ணப்பிப்பாள், இந்த மதிப்பெண்ணுக்கு நிச்சயம் இடம் வரும், சோயாவும் படிப்பாள், எல்லோரும் சுகம். மெஹர் பானு அந்தப் பதிவைத் திறந்தே விட்டாள். நீல ரிப்பன் கட்டிய பெண் திரையிலிருந்து பார்த்தாள். இந்தத் தடவை மெஹர் பானு நன்றாகப் பார்த்தாள். பக்கத்தில் அதே பெண் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குறியை அழித்தால் இடம் கிடைக்கும். அந்தக் கை? நாளைக்கு நர்சாகி ஒரு நோயாளியின் நரம்பைத் தேடும்போது இந்தக் கை நடுங்குமே, அதை எந்தப் பதிவில் போய் அழிப்பது? மறுபடியும் அவளுக்குத் தெரியாமல் அவள் பையைத் திறந்து, மறுபடியும் அவள் பெயரில் ஒன்றை மாற்றி வைத்து, அதற்குப் பெயர் பரிகாரமா? மெஹர் பானு விரலை எடுத்துவிட்டாள்.

“ரோஸி” என்றாள். “போன வருஷம் நீ சரியாத்தான் அமுக்கின.”

ரோஸி புரியாமல் பார்த்தாள்.

“வேணும்னுதான் அமுக்கின. நான் என் கண்ணால பார்த்தேன். நீ அடுத்த பக்கத்துல நம்பர் அடிச்சிட்டு இருந்தப்ப, நான் இங்க உட்கார்ந்து உன் பக்கத்துக்குள்ள நுழைஞ்சு வேண்டாம்னு மாத்திட்டேன். உனக்கு அடுத்து என் தங்கச்சி பேர் இருந்துச்சு. உன் இடத்துல இப்ப அவதான் படிக்கிறா. நீ உங்கப்பாவோட இங்க வந்தப்ப, அப்படி நடக்க வாய்ப்பில்லன்னு பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். திட்டுவாள், அறைவாள், ஓவென்று அழுவாள் என்று ஒரு வருஷமாக எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள்.

“அப்போ... நான் தப்பா அமுக்கலியா?” என்றாள் ரோஸி.

“இல்ல.”

“மேல இருக்கறதத்தான் அமுக்குனேனா?”

“ஆமா.”

“நெசமாவா?” ரோஸியின் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. தாவணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். “எனக்குத் தெரியும். வேணும்னுதான் அமுக்குனேன்னு எனக்குத் தெரியுங்கா!”

அந்தச் சந்தோஷத்தை மெஹர் பானுவால் பார்க்க முடியவில்லை. அடி வாங்கியிருந்தால் நிமிர்ந்திருப்பாள். இடத்தைப் பறித்தது மட்டும் அல்ல, இத்தனை நாள் இந்தப் பெண்ணிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதன் பின்னாலேயே மற்றது வந்தது. ரோஸி திரையைப் பார்த்தாள், மெஹர் பானுவைப் பார்த்தாள், மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தாள். “தண்ணி வேற குடுத்தீங்களே” என்றாள். ‘அக்கா’ என்று சொல்லவில்லை.

“நான் இப்பவே சார்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்று மெஹர் பானு எழுந்தாள்.

“அவருகிட்ட அப்பால சொல்லிக்கலாம்.” ரோஸி மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “மொதல்ல எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. இப்ப சொன்ன அதே வார்த்தையச் சொல்லுங்க.”

இருவரும் படியிறங்கினார்கள். ரோஸி முன்னால், மெஹர் பானு பின்னால். கீழே ஹார்டுவேர் கடை வாசலில் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களின் பக்கத்தில், அதே இஸ்திரி போட்ட சட்டையோடு ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். மகளோடு கம்பெனிப் பெண்ணும் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா ரோஸி, இந்த தபாவும் எத்தையாச்சும் தப்பா அமுக்கிட்டியா?”

ரோஸி கடைசிப் படியில் ஓரமாக ஒதுங்கி நின்று மெஹர் பானுவுக்கு வழி விட்டாள்.